நேற்றே விற்றுப்போன மல்லி

காலை ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தால், ஒன்று ஊரில் யாருக்கோ முடியவில்லை, இல்லையென்றால் கோயம்பேட்டு அண்ணாச்சி. அன்றைக்கு அண்ணாச்சி.

“தம்பி, நேத்து ராத்திரி ஒம்பதே முக்காலுக்கு நான் வீட்ல படுத்துத் தூங்கிட்டேன். உங்க மெஷின் அந்நேரத்துக்கு எட்டு கிலோ மல்லி வித்திருக்கு. யாருக்கு வித்துச்சுன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க.”

அண்ணாச்சிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதை உயரும். ‘நீ’ என்று பேசுகிறவர் ‘நீங்க’வுக்குப் போய்விட்டார் என்றால் நிலைமை மோசம்.

அவருக்குப் பூ மார்க்கெட்டில் மொத்தக் கடை. நள்ளிரவு தாண்டி வண்டிகள் வரும், இரண்டு மணிக்கு வியாபாரம் சூடுபிடிக்கும், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். அவருடைய பழைய பில்லிங் கணினி ஒரு மழைநாளில் தண்ணீர் குடித்துச் செத்துப்போக, என்னிடம் சும்மா கிடந்த ஒரு பெட்டியில் உபுண்டு சர்வர் என்ற லினக்ஸ் வகையைப் போட்டு, பில் மென்பொருளையும் ஏற்றிக் கொடுத்திருந்தேன். டெஸ்க்டாப் கிடையாது. மவுஸை நகர்த்தி மூலையில் இருக்கும் கடிகாரத்தைத் திருத்தலாம் என்றால் மூலையே கிடையாது. எதைச் செய்வதானாலும் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும். உபுண்டு சர்வரை நிறுவும்போது அது ‘நீ எந்த ஊர்’ என்று கேட்கவும் இல்லை, பேசாமல் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் உட்கார்ந்துகொண்டது. நானும் கவனிக்கவில்லை.

யுடிசி நம்முடைய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். விடியற்காலை மூன்றேகாலுக்குப் போட்ட பில், முந்தின நாள் இரவு ஒன்பதே முக்கால் என்று அச்சாகும். மளிகைக் கடையாக இருந்தால் மணி தப்பாக இருக்கும், அவ்வளவுதான். பூக்கடையில் தேதியே மாறிப்போகிறது. முகூர்த்தத்துக்கு மல்லி விலை எகிறும், மறுநாள் இறங்கும். பூ அனுப்பிய விவசாயிக்கு அந்தந்தத் தேதி விலைக்குத்தான் பட்டுவாடா. ஐந்தரை மணிக்கு முன்னால் விற்ற எல்லாம், அதாவது முக்கால்வாசி வியாபாரம், நேற்றைய கணக்கில் போய் விழுந்தால் அண்ணாச்சி மரியாதையாகப் பேசாமல் வேறு என்ன செய்வார்.

இதில் எனக்குக் கூடுதல் அவமானம் என்னவென்றால், அந்தக் காலைக்கு முன்பே நான் இதை இரண்டு முறை ‘சரிசெய்து’ முடித்திருந்தேன்.

முதல் முறை போனில். கடையில் இருந்தது அண்ணாச்சியின் மருமகன், அக்கா மகன். கெட்டிக்காரப் பையன். நான் சொல்லச் சொல்ல அவன் அடித்தான். (இந்தக் கதையில் வரும் கட்டளைகளை அவனுக்கு வாயால் சொன்ன மாதிரியே தமிழில் எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்து.)

“டி இசட் செலக்ட். எல்லாம் ஒட்டி அடி, நடுவுல ஸ்பேஸ் வேண்டாம்.”

“கண்டம் எதுன்னு கேக்குதுண்ணே. ஆப்பிரிக்கா, அமெரிக்கா, அண்டார்டிகா, ஆசியா…”

“ஆசியா நம்பரைப் போடு.”

“நாடு கேக்குது. இந்தியா போட்டுட்டேன். ஏசியா ஸ்லாஷ் கொல்கத்தான்னு வருது. நாம மெட்ராஸுண்ணே, நோ குடுத்துடவா?”

“அய்யோ வேண்டாம். அதுதான் நமக்கு. எஸ் குடு.”

அவன் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. அவனுக்குப் பழகியது விண்டோஸ். அதன் பட்டியலில் +5:30க்கு நேராக ‘சென்னை, கொல்கத்தா, மும்பை, நியூ டெல்லி’ என்று எழுதியிருக்கும். அகர வரிசைப் புண்ணியத்தில் நம் ஊர்தான் முதலில். இங்கே நம் பேரையே காணோம்.

எஸ் கொடுப்பதற்கு முன் அந்தக் கட்டளை ‘நீ தேர்ந்தெடுத்த இடத்தில் இப்போது மணி இத்தனை’ என்று ஒரு வரி காட்டும். சரியான மணியைத்தான் காட்டியது. பையன் வாசித்தான், நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பொருந்தியது. இருவரும் திருப்தியாக போனை வைத்தோம்.

டிஇசட்செலக்ட் எதையும் மாற்றாது. இத்தனை வருஷம் இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இதை நான் மறந்திருக்கக் கூடாது. கண்டம் கேட்கும், நாடு கேட்கும், அமெரிக்கா மாதிரி பல மண்டலங்கள் உள்ள நாடு என்றால் மூன்றாவதாக இன்னொரு பட்டியலும் நீட்டும். கடைசியில் ‘உனக்குரிய பெயர் ஏசியா/கொல்கத்தா’ என்று அச்சடித்துவிட்டுக் கிளம்பிவிடும். பொருத்தம் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்து போகிற ஜோசியர் மாதிரி. தாலி கட்டுவது நம் வேலை. இந்த வரியை உன் புரொஃபைல் கோப்பில் சேர்த்துக்கொண்டால்தான் நிலைக்கும் என்று அதே திரையில் எழுதியும் இருக்கும். பையன் அதை வாசிக்கவில்லை, நான் கேட்கவும் இல்லை. மறுநாள் விடியற்காலை பில்கள் யுடிசியிலேயே வந்தன.

அன்று சாயங்காலம் வீட்டிலிருந்தே உள்ளே நுழைந்து இரண்டாவது தவறைச் செய்தேன். இது கொஞ்சம் உயர்தரமான தவறு. பில் மென்பொருளைத் துவக்கும் ஸ்கிரிப்டில் ‘டிஇசட் சமம் ஐஎஸ்டி’ என்று ஒரு வரி சேர்த்தேன். டிஇசட் என்பது ஒரு சூழல் மாறி. அதில் வைத்திருப்பதை அந்த நிரல் தன் மண்டலமாக எடுத்துக்கொள்ளும், கணினியின் பொது அமைப்பு என்ன சொன்னாலும் கண்டுகொள்ளாது. நம் நேரத்தை எல்லோரும் ஐஎஸ்டி என்றுதானே சொல்கிறோம்? சோதனைக்கு அதே வரியோடு ‘டேட்’ கட்டளையைச் சேர்த்து அடித்துப் பார்த்தேன். வரியின் கடைசியில் அழகாக ‘ஐஎஸ்டி’ என்று வந்தது. அப்போது மணி இரவு ஏழு பத்து. திரையில் இருந்தது மதியம் ஒன்று நாற்பது. பெயரைப் பார்த்தேன், மணியைப் பார்க்கவில்லை.

நடந்தது என்னவென்றால், மண்டலக் கோப்புகள் இருக்கும் அடைவில் (ஃபோல்டரில்) ஐஎஸ்டி என்ற பெயரில் எந்தக் கோப்பும் கிடையாது. இஎஸ்டி உண்டு, எம்எஸ்டி உண்டு, ஐஎஸ்டி இல்லை. இருந்தாலும் யாருடையதாக இருக்கும்? இஸ்ரேலும் தன் நேரத்தை ஐஎஸ்டி என்கிறது. அயர்லாந்து கோடைக்கால நேரத்துக்கு அதே மூன்று எழுத்து. கோப்பு கிடைக்காத லினக்ஸ் நூலகம், சரி, இது ஏதோ சுருக்கப் பெயர் போலிருக்கிறது, கூட எத்தனை மணி வித்தியாசம் என்றும் எழுதியிருப்பார்கள் என்று தேடும். அதுவும் இல்லையா, வித்தியாசம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் கிடையாது. நீங்கள் கொடுத்த பெயரை மட்டும் பத்திரமாக வைத்திருந்து யுடிசி மணிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடும்.

நம்ப முடியாமல் அன்றைக்கே இன்னொன்றும் செய்து பார்த்தேன். டிஇசட்டில் ஆங்கில எழுத்தில் ‘அண்ணாச்சி’ என்று வைத்து டேட் அடித்தேன். அதே யுடிசி மணி, பக்கத்தில் ‘அண்ணாச்சி’. அண்ணாச்சி திட்ட நேரம். சிரிப்பு வந்தது, ஆனால் அது அவரிடம் பேசி முடித்த பிறகு.

எண்ணைச் சேர்த்து எழுதியிருந்தால் ஐஎஸ்டியே வேலை செய்திருக்கும். அதிலும் ஒரு வில்லங்கம்: ‘ஐஎஸ்டி+5:30’ என்று எழுதினால் மணி இன்னும் ஐந்தரை மணி பின்னால் போகும். ‘ஐஎஸ்டி-5:30’ என்று கழித்தல் குறி போட வேண்டும். நம் மணியோடு எவ்வளவு கூட்டினால் கிரீன்விச் மணி வரும் என்பதுதான் அங்கே கணக்கு. கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கும் அமெரிக்காவில் உருவான முறை, அவர்களுக்குக் கூட்டல் வசதி. பட்டியலில் இருக்கும் ‘இடிசி/ஜிஎம்டி-5’ போன்ற பெயர்களும் இப்படித்தான் தலைகீழ். அதைப் பார்த்து அமெரிக்க நேரம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர்.

முறையான வழி ஒற்றை வரி. ‘டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஸோன் ஏசியா/கொல்கத்தா’, முன்னால் நிர்வாகி அதிகாரத்துக்காக சூடோ. பெயர்ப் பட்டியல் வேண்டுமென்றால் ‘டைம்டேட்சிடிஎல் லிஸ்ட்-டைம்ஸோன்ஸ்’. இது தப்பான பெயரை ஏற்காது. அடம்பிடித்து ‘ஏசியா/சென்னை’ என்று கொடுத்துப் பார்த்தேன், அப்படி ஒரு மண்டலம் இல்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொன்னது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. உள்ளே அது செய்வதும் பெரிய வித்தையில்லை. இடிசி அடைவில் லோக்கல்டைம் என்று ஒரு பெயர் இருக்கும், அதை ஸோன்இன்ஃபோ அடைவில் இருக்கும் கொல்கத்தா கோப்பை நோக்கித் திருப்பி வைக்கும். ஒரு கைகாட்டி மரம், அவ்வளவுதான்.

ஸ்கிரிப்டில் இருந்த என் ஐஎஸ்டி வரியை எடுத்துவிட்டு, பில் மென்பொருளை நிறுத்தித் துவக்கி, டேட் அடித்து, இந்த முறை மணியையும் பார்த்தேன். பில் சரியாக வந்தது. மூன்றாம் நாள் காலை ஐந்து மணிக்கு, கடையில் நிற்க இடமில்லாத நேரத்தில், பில்லிங் நான்கு நிமிஷம் உறைந்து நின்றது.

இதற்குக் காரணம் கிரான், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல். இரவு 11:30க்கு நாள் கணக்கை முடித்துக் காப்பெடுக்க அதில் புதிதாக ஒரு வேலை போட்டிருந்தேன். அந்த வேலை ஓடி முடியும்வரை பில் போட முடியாது. கிரான் தான் துவங்கிய நேரத்தில் இருந்த மண்டலத்தையே பிடித்துக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் யுடிசிதான். யுடிசி 11:30 நமக்கு விடியற்காலை ஐந்து. மண்டலத்தை மாற்றினால் கிரானையும் ஒரு தடவை நிறுத்தித் துவக்க வேண்டும், அல்லது யோசிக்காமல் கணினியையே ரீபூட் செய்துவிட வேண்டும். நான் ரீபூட் செய்தேன். அதற்கு மேல் என் புத்திசாலித்தனத்தின் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை.

அந்த வாரக் கடைசியில் பணம் வாங்கப் போனபோது அண்ணாச்சி திரும்பவும் ‘நீ’க்கு வந்திருந்தார். டீ சொன்னார். மருமகன் மட்டும் விடவில்லை.

“அண்ணே, அது ஏண்ணே கொல்கத்தா?”

அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு இந்த மொத்த விவகாரத்திலும் பிடித்த இடம் இது.

உலகத்தின் நேர மண்டலங்களை எல்லாம் தொகுத்து வைத்திருக்கும் டிஇசட் தரவுத்தளத்தை 1980களில் அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கினார். இப்போது பால் எக்கர்ட் பார்த்துக்கொள்கிறார். லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. மண்டலத்துக்குப் பெயர் வைக்கும்போது நாட்டின் பெயரைத் தவிர்த்து, அங்கே மக்கள்தொகை அதிகமுள்ள ஊரின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். நாடுகள் உடையும், சேரும், பெயர் மாறும், எல்லைக்குச் சண்டை போடும். ஊர் அங்கேயே இருக்கும். இந்தியாவுக்கு அப்படித்தான் கல்கத்தா வாய்த்தது. ஊரும் பெயர் மாறத்தான் செய்தது. 2001இல் கொல்கத்தா ஆனது, தரவுத்தளம் 2008இல் தன் பெயரை மாற்றிக்கொண்டது. பழைய கல்கட்டா இன்னும் மாற்றுப்பெயராக உள்ளே இருக்கிறது. குரோம் பிரவுசர் நெடுநாளாக அந்தப் பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தக் கொல்கத்தா கோப்பு 300 பைட்டுக்கும் குறைவு. ஒன்றிரண்டு குறுஞ்செய்தி அளவு. ‘இசட்டம்ப் -வி ஏசியா/கொல்கத்தா’ என்று அடித்தால் அதற்குள் இருக்கும் சரித்திரம் வரிசையாக வந்து விழும். முதலில் அந்த ஊரின் சூரிய நேரம். பிறகு 1854 முதல் ஹௌரா நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 53 நிமிஷம் 20 நொடி முன்னால். 1870இலிருந்து 1906 வரை எம்எம்டி என்று மூன்று எழுத்து, 5 மணி 21 நிமிஷம் 10 நொடி.

அந்த எம்எம்டி மெட்ராஸ் நேரம்.

கடைப் பெட்டியிலேயே அவனை அடிக்கச் சொன்னேன். ‘டேட் -டி’ போட்டு, மேற்கோள் குறிக்குள் 1900-01-01. திங்கட்கிழமை, ஜனவரி 1, மணி பன்னிரண்டு, எம்எம்டி, 1900 என்று வந்தது. பையன் திரையைத் தொட்டுப் பார்த்தான்.

பட்டியலில் சென்னை கிடையாது, ஆனால் கொல்கத்தாவைத் திறந்தால் உள்ளே 36 வருஷம் மெட்ராஸ் குடியிருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் கட்டிய வானாய்வுக்கூடத்தின் கணக்கு அது. இப்போது வானிலை மையம் இருக்கிற அதே வளாகம். பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது. பம்பாய் நேரம் 4 மணி 51 நிமிஷம், கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிஷம். மெட்ராஸ் கிட்டத்தட்ட நடுவில் இருந்ததால் ரயில்வே மெட்ராஸ் நேரத்தை எடுத்துக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், கல்கத்தா ஊர்க்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளாமல் 1948 வரை தங்கள் உள்ளூர் நேரத்தையும் விடவில்லை. அவர்கள் பெயரில் இருக்கும் கோப்பில் அந்த 36 வருஷத்துக்கு அவர்கள் மணி இல்லை, நம் மணி இருக்கிறது. ஒரு மெட்ராஸ்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

1906 ஜனவரி 1 முதல் 5:30. மிர்சாபூர் பக்கம் போகும் 82.5 பாகைக் கோட்டின் நேரம். அப்புறம் உலகப் போர்க் காலத்தில் இரண்டு தடவை, 1941 அக்டோபர் முதல் 1942 மே நடுவரையும், 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் நடுவரையும், கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டு 6:30 ஆனது. கோப்பில் அதுவும் இருக்கிறது. 1943இல் பிறந்தவர்களுக்கு ஜாதகம் கணிக்கும் ஜோசியர்கள் யுத்த நேரம் என்று ஒரு மணியைக் கழிப்பது இதனால்தான். மறந்துபோனால் லக்னமே மாறிவிடும்.

ஜோசியத்துக்கும் இந்தத் தரவுத்தளத்துக்கும் உறவு ஒருதடவை கோர்ட்டு வரை போனது. 2011இல் அமெரிக்காவில் ஆஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம், பழைய நேர மாற்றங்களைப் பற்றிய தங்கள் அட்லஸிலிருந்து தகவல் எடுத்தார்கள் என்று ஓல்சன் மேலும் எக்கர்ட் மேலும் வழக்குப் போட்டது. தரவுத்தளம் கொஞ்ச நாள் இணையத்திலிருந்தே காணாமல் போனது. அந்த அக்டோபரில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு பொறுப்பெடுத்துக்கொண்டது. அடுத்த வருஷம் நிறுவனம் வழக்கைத் திரும்பப் பெற்றது. என்ன நடந்தது என்ற சரித்திரத்துக்கு யாரும் பட்டா போட முடியாது என்பது என் கட்சி.

இதையெல்லாம் கிளறிக்கொண்டிருந்த நாட்களில் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் கிளிநொச்சிக்காரர் ஒருவரிடம் கொழும்புக் கோப்பைக் காட்டினேன். நம் கோப்பு 1945க்கு மேல் அசையவில்லை. ஏசியா/கொழும்பு அப்படியில்லை. மின்தட்டுப்பாட்டுக்காக 1996 மே மாதம் ஐந்தரையிலிருந்து ஆறரைக்குப் போனது, அதே அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது, 2006 ஏப்ரல் நடுவில் மறுபடி ஐந்தரைக்கு வந்து நின்றது. அவர் பட்டியலைப் பார்த்தார்.

“இது கொழும்பின்ர நேரம். நாங்கள் மாத்தேல்லை. அவைதான் மாத்தினவை, பிறகு அவையே திரும்பி வந்தவை.”

விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் அந்தப் பத்து வருஷமும் பழைய ஐந்தரையே ஓடியது. சமாதான காலத்தில் எல்லைச் சாவடியான ஓமந்தை தாண்டி வந்தால் கைக்கடிகாரத்தை அரை மணி தள்ளி வைப்போம், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் உண்டு என்றார். அந்த நேரத்துக்குத் தரவுத்தளத்தில் ஒரு பெயர் கிடையாது. 1999ஆம் வருஷத்துக் கிளிநொச்சி மணியை ஒரு கணினியிடம் கேட்க வேண்டுமென்றால் ஏசியா/கொல்கத்தா என்றுதான் கொடுக்க வேண்டும். இதைச் சொன்னபோது அவர் சிரித்தார், ரொம்ப நேரம் அதைப் பற்றி வேறு எதுவும் பேசவில்லை.

போன மாதம் ஒரு விடியற்காலை அண்ணாச்சி கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். கல்யாணத்துக்குப் பூ வாங்க வேண்டியிருந்தது. மருமகன் பில்லைக் கிழித்துக் கொடுத்தான். 3:12. பழக்கதோஷத்தில் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். சாமி படத்துக்குக் கீழே அது 3:22 காட்டியது. என் போனை எடுத்துப் பார்த்தேன், 3:12.

“அண்ணாச்சி, கடிகாரம் பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது.”

“ஓடல தம்பி, வச்சிருக்கு. அது கடை நேரம். பசங்க அதைப் பாத்துத்தான் வருவானுவ.”

பூவை வண்டியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, டிஇசட்டில் ஆங்கில எழுத்தில் ‘கடை-5:40’ என்று வைத்து டேட் அடித்தேன். கழித்தல் குறியை மறக்கவில்லை. பத்து நிமிஷம் முன்னால், பக்கத்தில் ‘கடை’ என்று ஒழுங்காக வந்தது. அண்ணாச்சியிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் பில்லிலும் அதையே போடச் சொல்வார்.